இரண்டு சின்னப் பெட்டிகள்

அக்கா,

போன சனிக்கிழமை மகன் என்னைச் சுங்கை வேயில் ஒரு மின்சாமான் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். வீட்டிலிருந்த டிவி ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டது, புதிது வாங்க வேண்டும். கடைக்குள் ஒரு சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே நிகழ்ச்சி. யாரோ ஒருவன் ஏதோ சொன்னான், ஒரு கூட்டம் சிரித்தது. எனக்கு முன்னால் இருந்த டிவியில் அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு, கடையின் பின்பக்கத்திலிருந்து அதே சிரிப்பு மெல்லிசாக, கொஞ்சம் பிந்தி வந்தது. சுவரில் பட்டுத் திரும்பியதோ என்னவோ.

மகன் இரண்டு டிவிகளுக்கு நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "என்னம்மா, இந்தச் சீப்பானது போதுமா? இல்ல, கொஞ்சம் கூடப் போட்டு நல்லதாவே எடுத்துடலாமா?" நான் சிரிப்பு வந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் போய் இத்தனை வருடம் ஆகிவிட்டது. அங்கே நீங்கள் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் பார்த்தேன்.

கிள்ளானில் தண்டவாளத்தை ஒட்டி இருந்த நம் வரிசை வீடுகள் இப்போது இல்லை அக்கா. இடித்துவிட்டு ஏதோ கடைத்தொகுதி கட்டியிருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். நான் இந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் நீங்கள் அந்தப் பக்கம் தும்முவீர்கள். நீங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து பென்ஷன் வாங்கியவர். கணவர் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. நான் காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். இவர் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். உங்களுக்கும் எனக்கும் எந்தப் பொருத்தமும் கிடையாது. ஆனால் வந்த முதல் வாரமே என்னைப் "பிள்ளை" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டீர்கள், அதோடு முடிந்தது.

அப்போது நம் வரிசையில் டிவி இருந்தது குமாஸ்தா வேலை பார்த்த மூலை வீட்டுக் கிராணியிடம் மட்டும்தான். மரப்பெட்டிக்குள் வைத்த பெரிய டிவி. முன்னால் இழுத்து மூடும் கதவு, அதற்கு ஒரு சாவி. தமிழ்ப்படம் போடும் நாளில் அக்கம்பக்கமெல்லாம் அவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கும். நீங்கள் மட்டும் உட்கார மாட்டீர்கள். கையில் குடையோடு ஜன்னலோரம் நின்றே முழுப்படமும் பார்ப்பீர்கள். ஒருநாள் படம் பாதியில் இருக்கும்போது கிராணி வீட்டுக்கு விருந்தாளிகள் காரில் வந்து இறங்கினார்கள். கிராணியின் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, டிவியை அணைத்து, கதவை இழுத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். நாங்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தோம். வழியில் நீங்கள் சொன்னீர்கள்: "இனி உந்த வாசல் எனக்கு வேண்டாம் பிள்ளை. நாங்களே வாங்குவம்."

அந்த "நாங்கள்" என்ற சொல்லை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு வீடும் சேர்ந்து ஒரு நல்ல டிவி வாங்குவது, எங்கள் கூடத்தில் வைப்பது, நீங்கள் தினமும் வந்து எங்களோடு உட்கார்ந்து பார்ப்பது என்று நானே முடிவுகட்டிவிட்டேன். உங்களுக்கென்று சாய்மானமுள்ள ஒரு பிரம்பு நாற்காலியைக்கூட மனதுக்குள் போட்டு வைத்திருந்தேன்.

கிள்ளான் டவுனில் அந்தச் சீனர் கடை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மரப்பெட்டி டிவி ஒன்று நடுவில் பளபளவென்று இருந்தது. அதே விலைக்குச் சின்ன டிவி இரண்டு வாங்கிவிடலாம். சிவப்பு பிளாஸ்டிக் கூடு, கையில் தூக்க ஒரு பிடி. கடை முதலாளி தவுக்கே பெரியதைத் தட்டிக் காட்டினார். "அக்கா, இது எடு லா. ரெண்டு வீட்டு ஆளும் உக்காந்து பாக்கலாம்." நான் தலையை ஆட்டினேன். நீங்கள் அதன் கதவை ஒருமுறை திறந்தீர்கள், மூடினீர்கள், சாவித்துளையை விரலால் தடவினீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள்.

"இது வேண்டாம் பிள்ளை. பெரிய பெட்டி ஒரு வீட்டிலதான் இருக்கும். மற்ற வீட்டுக்காரி சாகுமட்டும் விருந்தாளிதான். சின்னன் ரெண்டு எடுப்பம்."

எனக்குச் சுருக்கென்றது. கிராணியின் மனைவியோடு என்னையும் ஒரே தட்டில் வைத்துவிட்டீர்களே என்று வீடு வரும்வரை உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்களும் மடியில் உங்கள் டிவியை வைத்துக்கொண்டு, பஸ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

ஏரியல் கம்பம் மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். இவர்தான் கூரைமேல் ஏறி நட்டார். எங்கள் கம்பியிலிருந்து ஒரு கிளை பிரித்து உங்கள் வீட்டுக்குள் விட்டார். மேலே நின்று கம்பத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டது இப்போதும் என் காதில் இருக்கிறது. "அக்கா, தெரியுதா?" நீங்கள் உள்ளேயிருந்து, "ஓம் தம்பி, வடிவாத் தெரியுது. இறங்குங்கோ, விழப் போறியள்." மறுபடி காற்றடித்துக் கம்பம் சாய்ந்தபோதும் அதே கேள்வி, அதே பதில். எங்கள் வீட்டில் படம் தெளிவாக இருந்தது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டோம். சொன்னது நீங்களாயிற்றே, எப்படி நம்பாமல் இருப்பது?

கோபமெல்லாம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. இரண்டு டிவியும் பலகைச் சுவருக்கு இருபக்கமும் முதுகோடு முதுகாக இருந்தன. படம் தொடங்கினால் நான் சுவரைத் தட்டுவேன், நீங்களும் தட்டுவீர்கள். சோகக் காட்சியில் நீங்கள் மூக்கைச் சிந்துவது கேட்கும். சிரிப்புக் காட்சி வந்தால் எங்கள் வீடு அதிரும். அது அடங்கும்போது உங்கள் சிரிப்பு தனியாக வரும். எப்போதும் ஒரு கணம் பிந்தித்தான் வரும். இரண்டும் ஒரே மாதிரி டிவிதான், ஆனாலும் இவர் கேலி செய்வார். "அக்கா டிவி சீப்பு லா, அதான் படம் லேட்டா வருது." உங்களுக்குக் கேட்கட்டும் என்றே உரக்கச் சொல்வார். அதற்கும் சிரிப்பீர்கள். அது மட்டும் பிந்தி வராது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

உங்கள் வீட்டுக்கு நான் எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். ஒருமுறையாவது உங்கள் டிவி ஓடிப் பார்த்ததில்லை. நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே அணைத்து, நீங்களே பூத்தையல் போட்ட துணியை அதன்மேல் இழுத்துவிடுவீர்கள். "வீட்டுக்கு ஆள் வரேக்க பெட்டி கத்தக் கூடாது" என்பீர்கள். யாழ்ப்பாணத்து மரியாதை இது போலும் என்று நான் என் தங்கையிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

கடைசி நாளும் சனிக்கிழமைதான், மதியப் படம். தொடங்கும்போது தட்டினேன், தட்டினீர்கள். நடுவில் ஒரு சிரிப்புக் காட்சி வந்தது. நாங்கள் சிரித்து முடித்தோம், அந்தப் பக்கம் ஒன்றும் வரவில்லை. தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன். படம் முடிந்தது. படம் முடிந்தால் அடுத்த நொடி உங்கள் டிவி அணைந்துவிடும், கரண்டு பில்லுக்கு நீங்கள் அப்படிப் பயப்படுவீர்கள். அன்று அணையவில்லை. அடுத்து வந்த சீன நாடகம் உங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சீனப் பெண் ஓயாமல் அழுதுகொண்டிருந்தாள். செருப்புகூடப் போடாமல் பின்பக்கமாக ஓடி வந்தேன்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. நீங்கள் நாற்காலியில் இருந்தீர்கள். முகம் அமைதியாகத்தான் இருந்தது. நான் தொட்டபோது கை ஆறியிருந்தது. பிறகுதான் மற்றதெல்லாம் என் கண்ணில் பட்டது அக்கா. உங்கள் நாற்காலி டிவியைப் பார்த்துப் போட்டிருக்கவில்லை. பலகைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் போட்டிருந்தது. தலை சுவரில் சாய்ந்து, காது பலகையில் பதிந்திருந்தது. தலை படும் அந்த இடத்தில் பலகை எண்ணெய் ஏறி, கறுத்து, வழவழவென்று ஆகியிருந்தது. ஒருநாளில் வரும் கறுப்பா அது?

டிவியைப் பார்த்தேன். சத்தம் நன்றாக இருந்தது. திரையில் படமே இல்லை, அடைமழை மாதிரி வெறும் புள்ளிகள். அதற்குள் ஏதோ ஓர் உருவம் அசைந்தது. அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு இவர் கூரைமேல் ஏறிப் பார்த்தார். கிளைக்கம்பி இணைத்த இடம் பச்சையாகக் களிம்பேறி இருந்ததாம். இறங்கி வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். "இது இன்னைக்கு நேத்துப் போனது இல்ல. ஆரம்பத்துலயே சரியாப் புடிச்சிருக்காது. தெரியுதான்னு கேட்டா தெரியுதுன்னு சொன்னாங்களே..." அன்றைக்குத்தான் அந்தப் பிந்திய சிரிப்பு எனக்குப் புரிந்தது. நீங்கள் படத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நாங்கள் சிரிப்பதைக் கேட்டுவிட்டுச் சிரித்திருக்கிறீர்கள்.

உங்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவர் அரைமணி நேரத்தில் சரி செய்திருப்பார். இல்லை, நாலு எட்டு எடுத்து வைத்து எங்கள் வீட்டுக்குள் வந்திருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கமே இருந்துகொண்டால் விருந்தாளி ஆக மாட்டோம் என்று நினைத்துக்கொண்டீர்களா? சில நாள் இப்படிக் கேட்டுவிட்டு, மறுபக்கமும் யோசிக்கிறேன். அந்தப் பெரிய பெட்டி என் வீட்டில் இருந்து, சாவி என் இடுப்பில் இருந்து, என் வீட்டு வாசலிலும் ஒருநாள் கார் வந்து நின்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? பூட்டியிருக்க மாட்டேன் என்று அடித்துச் சொல்லத்தான் ஆசை. சொல்ல முடியவில்லை. கடையில் சாவித்துளையைத் தடவியபோது நீங்கள் பார்த்தது அதைத்தானோ என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மகனிடம்கூடச் சொன்னதில்லை. உங்கள் வீடு பூட்டிக் கிடந்த மாதங்களில், நாங்கள் சிரித்து அடங்கியதும் அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. சின்னதாக, ஒரு கணம் பிந்தி. "சாமான் இல்லாத வீடு, எதிரொலிக்குது" என்றார் இவர். ஆனால் அடுத்த தடவை அது வந்தபோது எழுந்து போய் டிவியை அணைத்தது அவர்தான். அதற்குப் பிறகு படம் ஓடும்போது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரிப்பதில்லை. வேலை கிடைத்தது என்று சொல்லிச் சுங்கை வேக்கு வந்தோம். உண்மையில் அந்தச் சுவரை விட்டுத்தான் வந்தோம். வந்த பிறகு அந்தச் சத்தம் இல்லாமல் நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது? எதற்குப் பயந்து ஓடி வந்தேனோ, அதற்காகவே ஏங்கிக்கொண்டிருந்தேன்.

மகன் கடைசியில் விலை கூடிய டிவியையே வாங்கினான். கடைக்காரப் பையன் அதன் பெருமையெல்லாம் சொல்லி முடித்ததும் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "தம்பி, இதோட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேக்குமா?" "கவலைப்படாதீங்க ஆன்டி, இப்ப வீடெல்லாம் கல்லுச் சுவரு, கேக்காது" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான், பாவம்.

படம் அத்தனை தெளிவாக இருக்கிறது அக்கா, ஆளின் இமைமயிர்கூடத் தெரிகிறது. நேற்று ஏதோ சிரிப்பு நாடகம். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடித்த பிறகு நான் சிரித்தேன். வேண்டுமென்று செய்வதில்லை. சிரிப்பு வந்ததும் என் காது தானாகச் சுவர்ப்பக்கம் போய்விடுகிறது. அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டு திரும்பி வர ஒரு கணம் ஆகிறது.

மகன் திரும்பிப் பார்த்தான். "ஏம்மா, உங்களுக்கு மட்டும் எப்பவும் லேட்டா வருது?"

"சீப்பான டிவியில பாத்துப் பழகினவடா நான்" என்றேன்.

அவன் சிரித்தான். நான் கொஞ்சம் பொறுத்திருந்தேன். பிறகு சிரித்தேன்.