மழைக்குத் தூக்கின புளி

ஜவ்வாது மலை

அன்பு மகள் கோகிலவாணிக்கு அம்மா எழுதறது. இங்க நானும் உங்கப்பாவும் ஆடு கோழியும் ஒரு கொறையும் இல்லாம இருக்கோம், திருப்பூர்ல நீயும் ஆஸ்டல் பொண்ணுங்களும் அப்பிடியே இருக்கணும்னு காளியம்மாவை வேண்டிக்கிறேன். போன்ல சொன்னா இன்னான்னு கேப்ப. டவர் கெடைக்கணும்னா பலாமரத்தாண்ட போய் நிக்கணும், அங்க பேசினா ஊரே கேக்குது, பாதியில கட்டும் ஆவுது. இது பாதியில கட்டாவற சேதி இல்ல. பதறாம படி. என்னைப் புளிக் கொட்டாய் வேலையிலேருந்து நிறுத்திட்டாங்க. படிச்சி முடிக்கங்காட்டியும் அப்பாவுக்கு போன் போட்டுடாத, அந்த மனுசன் ஒண்ணை நாலாக்கி சொல்லுவாரு.

கொட்டாய் மொதலாளி கண்ணாயிரத்தை உனக்குத் தெரியும்ல, கண்ணமங்கலத்துக்காரரு, மலையில புளி வாங்கி நம்ம பொம்பளைங்களை வச்சி ஓடு தட்டி கொட்டை எடுத்து கீழ அனுப்புறவரு. அவராண்ட ஒரு கக்கூஸ் கட்டித் தாங்கன்னு எந்தக் காலமா கேட்டுகினு இருக்கோம். அவரு சிரிச்சிகினே, இவ்ளோ பெரிய மலை இருக்குது, உங்களுக்கு இன்னாத்துக்கும்மா தனியா கக்கூசும்பாரு. அந்தப் பெரிய மலையில போன மாசம் உண்ணிச்செடி பொதருக்குப் பின்னாடி நான் போய் குந்தினேன், எதிர்ல ஒரு கரடி குந்திகினு இருக்குது. அதுக்கும் அதே அவசரமோ இன்னாவோ, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து வெக்கப்பட்டுப் போய்ட்டோம். நான் போட்ட சத்தத்துல அது ஒரு பக்கம் ஓட நான் ஒரு பக்கம் ஓட, வந்த வேகத்துல கொட்டை எடுத்து சுத்தமா குவிச்சி வச்சிருந்த புளி மேல ஏறி அந்தாண்ட எறங்கிட்டேன். உள்ள குந்தி கொட்டை எடுத்துகினு இருந்த சாந்தம்மா என்னையே கரடின்னு நெனைச்சி மொறத்தால முதுகுல ரெண்டு வச்சா. கண்ணாயிரம் வந்தாரு. கடிச்சுதாம்மான்னு ஒரு வார்த்தை கேக்கல. புளியை மிதிச்சி பாழாக்கிட்டன்னு கத்திட்டு, நாளையிலேருந்து வராதன்னுட்டாரு. வூட்டுக்கு வந்து அழுதேன் கண்ணு. காட்டு வேலைக்கு இந்த முட்டி ஒத்துக்காது, கொட்டாயை விட்டா எனக்கு மலையில வேற இன்னா வேலை இருக்குது.

மறுநாள் காலையில கதவைத் தொறந்தா கொட்டாய்ப் பொம்பளைங்க அத்தினி பேரும் நம்ம வாசல்ல குந்திகினு இருக்காங்க. என் கையைப் புடிச்சிகினு, பாஞ்சாலை இல்லாம நாங்களும் போவலன்னுட்டாங்க. சாந்தம்மாவுக்குத் தம்பி மொறை ஆவுறவரு வெற்றிச்செல்வன், வேலூர்ல தொழிலாளர் சங்கத்துல இருக்காரு, அவரு பைக்ல ஏறி வந்து இதுக்குப் பேருதான் வேலை நிறுத்தம்னாரு. அதுவரைக்கும் நாங்க கோச்சிகினு குந்தியிருக்கோம்னுதான் நெனைச்சிருந்தோம். ஒரு ஆளை நெனைச்சா நிறுத்தறதும் கக்கூஸ் இல்லாம வேலை வாங்கறதும் தப்பு, சட்டம் இருக்குது, ஆனா சட்டம் தானா மலை ஏறி வராது, நீங்க சேந்து நின்னு கூப்பிட்டாதான் வரும்னாரு. அன்னிக்கே சங்கம் வச்சோம். கோஷம் போடவும் சொல்லிக் குடுத்தாரு. ரெண்டு வாட்டி ஒழுங்காதான் போட்டோம், அப்புறம் யாரோ கை தட்ட ஆரம்பிச்சி அது கும்மியா ஆயிடுச்சி, பாவம் தலையில கை வச்சிக்கினாரு. மொதலாளியாண்ட பேசி முடிக்கறவரைக்கும் அவரு புளியை ஒருத்தரும் தொடக்கூடாது, அது ஒண்ணை மட்டுமாவது செய்யுங்கன்னு கெஞ்சினாரு. கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணோம்.

இனிமேதான் கூத்து. கொட்டாய் எதிர்ல பாறை மேல கண்ணாயிரத்தோட புளி காயுது, அவரு கொட்டாயைப் பூட்டிகினு கீழ போய்ட்டாரு. மத்தியானம் மானம் கறுத்துச்சி. நம்ம மலையில உனக்கே தெரியும், பாறையில காயறது சாமையோ புளியோ, சண்டைக்காரன் வூட்டுதோ, மழை வந்தா பாத்தவங்க வாரி வெக்கணும், வெக்காதவங்க வூட்ல ஒருத்தரும் கை நனைக்க மாட்டாங்க. மொதத் துளி விழுந்துச்சி, அத்தினி பேரும் எழுந்து ஓடிட்டோம். கூடையில, மொறத்துல, முந்தானையில வாரி வாரி கோயில் மண்டபத்துல கொண்டுபோய் கொட்டினோம். சங்கமாவது சத்தியமாவது, ஒருத்திக்கும் நெனப்பு இல்ல. வெற்றிச்செல்வன் மட்டும் நனைஞ்சிகினே தொடாதீங்க தொடாதீங்கன்னு கத்தினாரு, அப்புறம் சட்டையைக் கழட்டி வச்சிட்டு அவரும் ஒரு மூட்டை தூக்கினாரு.

மழை விட்டதும் கண்ணாயிரம் வந்து பாத்து பல்லெல்லாம் தெரிய சிரிச்சாரு. புளியைத் தொட்டுட்டீங்க, நிறுத்தம் முடிஞ்சிபோச்சி, பாஞ்சாலையைத் தவிர எல்லாரும் வாங்க, இதைக் கொட்டாய்க்குத் தூக்குங்கன்னாரு. அவ்ளோதான் நம்ம பொழப்புன்னு நெனைச்சேன். அப்பதான் சாந்தம்மா இடுப்புல கையை வச்சிகினு முன்னால வந்தா. இங்க கொண்டாந்தது மழைக்கு, அது ஊர் மொறைங்க, அதுக்கு உங்களாண்ட ஒண்ணும் கேக்கல. இங்கேருந்து அங்க தூக்கறதுதான் வேலை. வேலைன்னா பாஞ்சாலையும் வேணும், கக்கூசும் வேணும்னு சொல்லிட்டு புளியைச் சுத்தி எல்லாரும் சட்டமா குந்திட்டாங்க. கண்ணாயிரம் ஊர் ஆம்பளைங்களைக் கூப்பிட்டாரு, ஒருத்தரும் வரல, உங்கப்பாவுக்கு திடீர்னு முதுகு புடிச்சிகிச்சி. தானே ஒரு கூடையைத் தூக்கினவரு பாதி வழியில எறக்கி வச்சிட்டு மூச்சு வாங்கினாரு. லாரி வேற வந்து ஆரன் அடிக்குது. கடைசியில கண்ணாயிரம், ரெண்டுக்கும் ஒத்துக்கறேன்னு வெற்றிச்செல்வன் முன்னாலயே எழுதிக் குடுத்து, என்னைப் பேர் சொல்லி வாம்மான்னு கூப்பிட்டாரு. இப்ப வேலைக்குப் போய்கினு இருக்கேன். கக்கூசும் கட்டியாச்சி, தகரக் கதவு, உள்தாப்பாள். மொத ஆளா நான்தான் போனேன், வெளிய வர மனசே இல்ல, சாந்தம்மா கதவை ஒடைக்கறேன்னுட்டா.

உங்க பனியன் கம்பெனியில ரெண்டு ஷிப்டு சேத்து பாக்க மாட்டேன்னு சொன்னதுக்கு உன் பக்கத்து மிஷின் தமிழரசியை வெளிய அனுப்பிட்டாங்க, அவளைத் திரும்ப எடுக்கச் சொல்லி சங்கத்துல கையெழுத்து கேக்கறாங்க, பயமா இருக்குதும்மான்னு அன்னிக்கு சொன்ன. பயம் இருக்கும்டி, இங்கயும் இருந்துச்சி. வேலை போன அன்னிக்கு எனக்கு ஒருத்தரும் இல்லன்னுதான் அழுதேன். வாசல்ல வந்து குந்தினாங்க பாரு, அவங்களுக்கும் கூலி போச்சி, அவங்க வூட்லயும் புள்ளைங்க இருக்குது, ஒருத்தி கூட அதை வாயைத் தொறந்து சொல்லல. தமிழரசி இப்ப ரூம்ல தனியா அழுதுகினு இருப்பா. கையெழுத்தை அப்புறம் யோசி. மொதல்ல நீ போய் அவ ரூம் வாசல்ல குந்து.

காளியம்மா உன் கூடவே இருப்பா, நல்லா இருடி என் தங்கமே. பஞ்சு தூசி மூக்குல போவாம துணி கட்டிக்கோ, வேளைக்கு சாப்பிடு. சாமையும் தேனும் குடுத்தனுப்பறேன், தமிழரசிக்கும் குடு.

இப்படிக்கு,
உன் அம்மா பாஞ்சாலை,
செயலாளர், புளி தட்டும் பெண்கள் சங்கம்.
(மகளுக்கு எழுதறதுல இது எதுக்குன்னு உங்கப்பா கேக்கறாரு. இருக்கட்டும்.)