முதல் ஸ்ட்ரிங்குக்குத் தறி முடிச்சு

முடிச்சு மன்னருக்கு,

அடுப்பில் தக்காளிச் சாதம் இருக்கிறது. சூடு பண்ணவாவது தெரியும் என்று நம்புகிறேன். புது ஸ்ட்ரிங் எல்லாவற்றையும் பீரோவில் பூட்டிச் சாவியை எடுத்துப்போகிறேன்.

நேற்று தல்லாகுளத்தில் அம்புட்டுப் பேர் முன்னால் நான் வாசிக்கும்போதே கிடாரின் முதல் ஸ்ட்ரிங் அடிக்கட்டையான பிரிட்ஜிலிருந்து உருவிக்கொண்டு வந்ததே, அது ஸ்ட்ரிங்கின் குற்றம் இல்லை. “மூணு தலைமுறையா தறி ஓட்டுன குடும்பம், எனக்கே முடிச்சு சொல்லித் தாரியா?” என்று கேட்டு, தறியில் அறுந்த இழைக்குப் போடும் முடிச்சைப் போட்டீர்கள். போதாததற்கு முடிச்சுக்கு வெளியே நீண்ட வாலையும் ஒட்ட நறுக்கினீர்கள். பட்டு இழை பிடித்துக்கொள்ளும், நைலான் வழுக்கும். ஸ்ட்ரிங்கைப் பிரிட்ஜின் துளையில் விட்டு, பின்னால் வளைத்து, வாலை அதன்மேலேயே சுற்றி, கடைசிச் சுற்று பிரிட்ஜின் பின்விளிம்புக்குக் கீழே அமுங்க வேண்டும். என் கிடார் வகுப்பில் எட்டு வயதுப் பிள்ளைகள் செய்கிறார்கள்.

நாலு மணிக்கு ரிப்பேர்காரர் ராமமூர்த்தி வருவார், ஸ்ட்ரிங் அடித்துக் கிடாரின் பலகையில் விழுந்த வடுவைப் பார்க்க. “டூப்ளிகேட் ஸ்ட்ரிங்குண்ணே” என்று அவரிடம் அளக்க வேண்டாம். காபி மட்டும் கொடுங்கள்.

ஸ்வப்னா

பி.கு.: சாதத்தில் கிடக்கிற முந்திரி முழுக்க உங்களுக்குத்தான்.

இன்னொன்று. “அப்ப நான் போட்ட முடிச்சு எதுவுமே நிக்காதா?” என்று கேட்டுவிட்டு நேற்று சாப்பிடாமல் படுத்தீர்களே. என் தாலியில் நீங்கள் போட்டது ஒரு முடிச்சுதான். மற்ற இரண்டும் உங்கள் அக்கா போட்டது. அதனால்தான் பதினோரு வருஷமாக நிற்கிறது.