சந்திரவட்டக் கல்லும் பிச்சிப் பூவும்

அன்புள்ள மகன் டரலுக்கு மம்மி எழுதிக்கொள்வது. மாதாவின் காவலில் நானும் டடியும் உன் தங்கை பியோனாவும் சுகமாக இருக்கிறோம், மெல்பேர்ன் குளிரில் உன் நெஞ்சுச்சளி குறைய வேண்டுமென்று செபமாலையில் ஒரு மணியை உனக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். வாவியில் இப்போது நல்ல இறால், டடி முழங்கால் நோவென்று சொல்லிக்கொண்டே தச்சு வேலைக்குப் போகிறார், சொல்லி நிற்பாட்ட முடியவில்லை.

உன் கலியாணத்துக்கு அங்குள்ள பாதர் கேட்ட ஞானஸ்நானப் பத்திரத்தை நம் கோவிலில் எடுத்து அனுப்பச் சொல்லி மூன்று மாதமாகக் கேட்கிறாய், நானும் மழை, கால்வலி, பாதர் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தட்டிக் கழித்தேன். காரணம் உனக்குத் தெரியும். நிலூஷா நல்ல பிள்ளைதான், ஆனால் பௌத்த வீட்டுப் பெண் என்பது என் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. போனில் இதைப் பேசினால் எனக்கு அழுகை வரும் உனக்குக் கோபம் வரும், அதனால்தான் எழுதுகிறேன்.

போன பௌர்ணமிக்கு நிலூஷாவின் தாய் கருணாவதி எங்களைக் கூப்பிட்டிருந்தா, அவர்களுடைய ஊரில் புதிதாகக் கட்டின விகாரையைப் பார்த்துவிட்டு வீட்டில் சாப்பிடலாம் என்று. நான் மாட்டேன் என்றேன், டடிதான் ஒரு நாள் போய் வந்தால் உன்ட விசுவாசம் கரைஞ்சா போயிரும் என்று கேட்டார். வெறுங்கையோடு போகக் கூடாதென்று நம் முற்றத்துப் பிச்சிப் பூவை விடியவே ஆய்ந்து வாழையிலையில் சுற்றிக்கொண்டு, செங்கலடிச் சந்தியால் திரும்பி பதுளை றோட்டில் இரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் போனோம்.

மகன், அந்த இடம் உண்மையிலேயே அழகு. தாதுகோபம் என்கிற தூபி, களத்தில் பொலி குவித்து வைத்த மாதிரி வெள்ளையாக நிற்கிறது, நெற்குவியலின் வடிவத்தில் கட்டுவது அவர்களுடைய பழைய முறையாம். மண்டபம் மட்டும் புதுமாதிரி, சுற்றுச் சுவர் இல்லை, புத்தர் சிலைக்குப் பின்னால் சித்திரமும் இல்லை, பெரிய கண்ணாடி ஒன்றுதான், அதற்குள்ளால் வெளியே நிற்கும் அரசமரம் தெரிகிறது. ஞானம் பெற்றது மரத்தடியில்தானே, அதை ஏன் வரைய வேண்டும், மரமே தெரியட்டும் என்று விட்டார்களாம். டடி கூரை மரத்தின் பொருத்துகளைத் தடவிப் பார்த்து, ஆணி தெரியல்லகா, நல்ல கை என்றார். படி ஏறுமிடத்தில் அரைவட்டக் கல்லொன்று, சந்திரவட்டக் கல் என்பார்கள், வெளி வளையத்தில் நெருப்பு, அடுத்து யானை குதிரை சிங்கம் எருது, பிறகு கொடி, அன்னம், நடுவில் பாதித் தாமரை. இவ்வளவு வேலைப்பாட்டில் எப்படிக் கால் வைப்பதென்று நான் சுற்றிப் போகப் பார்த்தேன். கருணாவதி மகாஓயா ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்தவ, தமிழ் நன்றாக வரும், அக்கா மிதிங்க, மிதிக்கத்தான் வெச்சிருக்கு, நெருப்பும் கொடியும் நம்மட ஆசைதான், அத கீழ விட்டுட்டு ஏறணும் என்றா. டடி என் காதுக்குள், உன்ட பிடிவாதத்துக்கு இந்தக் கல்லு காணாது என்றார்.

உள்ளே பூத்தட்டைக் கையில் வாங்கினதும் நான் நம் கோவிலில் செய்கிற மாதிரி பிச்சிப் பூவை ஒருதரம் மணந்து பார்த்தேன், நல்ல வாசம், நீங்களும் பாருங்க என்று கருணாவதியிடமும் நீட்டினேன். அவ முகத்தை மெல்லத் திருப்பிக்கொண்டா. சிரித்தபடியே என் தட்டை வாங்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, தன்னுடைய தாமரை மொட்டுகளில் பாதியை என் கையில் தந்தா. எனக்கு முகம் எரிந்தது. வேதக்காரி வீட்டுப் பூ இங்கே ஆகாதாக்கும், பூவுக்கே இப்படியென்றால் என் பிள்ளைக்கு என்ன மரியாதை என்று நினைத்துவிட்டேன். சிலையின் வலது கை நிலத்தைத் தொடுவது மண்ணைச் சாட்சிக்குக் கூப்பிடுவது என்று அவ சொன்னதும் காதில் பாதிதான் விழுந்தது. பத்திரம் அனுப்புவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

கருணாவதி எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டா, பகல் சாப்பாட்டுக்கு நாங்கள் உள்ளே போனால் மேசை நடுவில் கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் விட்டு என் பிச்சிப் பூ, பக்கத்தில் நீயும் நிலூஷாவும் நிற்கும் படம். எனக்குப் பொறுக்கவில்லை, கோவிலுக்கு ஆகாத பூ வீட்டுக்கு ஆகுமா என்று கேட்டேவிட்டேன். கருணாவதி என் கையைப் பிடித்துக்கொண்டா. மணந்த பூ நாங்க பாவிச்சு முடிச்ச பூ அக்கா, அத புத்தருக்கு வெக்க ஏலாது, எங்கட ஆக்கள் மணந்தாலும் அப்படித்தான், அங்க வெச்சுச் சொன்னா உங்கட முகம் வாடிரும் எண்டு சொல்லல்ல, நீங்க ஆய்ஞ்சு கொண்டுவந்தத எறிய மனம் வருமா, அதுதான் பிள்ளைகளுக்கு வெச்சேன் என்றா. அப்போதுதான் எனக்கு விளங்கியது. கல்லில் காலை மட்டும்தான் வைத்திருக்கிறேன் மகன், விட வேண்டியதை விடாமல் மேலே தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். நான் அங்கே கும்பிடவில்லை, என் விசுவாசம் எனக்கு, ஆனால் பிறத்தியாளின் முகம் வாடக் கூடாதென்று அவ நினைத்ததை நம் ஆண்டவரும் ஏற்றுக்கொள்வார்.

அடுத்த நாளே கோவிலுக்குப் போய்ப் பத்திரம் எடுத்தேன், இந்தக் கடிதத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறேன், மறந்து உறையோடு எறிந்துவிடாதே. குளிருக்குத் தொப்பி போடு, இரவுச் செபத்தை விடாதே, நிலூஷாவுக்கு என் முத்தம் சொல். அங்கே உங்கள் கலியாணம் நடக்கும் நாளில் இங்கே நம் மாதா பீடத்துக்கு வைக்கும் பூவைக் கருணாவதிதான் கொண்டுவர வேண்டும். தாராளமாக மணந்து பார்த்தே கொண்டுவரலாம், எங்கள் மாதா அதைக் குற்றமாகப் பார்க்க மாட்டா.

உங்கள் இருவரையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.

என்றும் உன் மம்மி,
றீட்டா