றங்குப் பெட்டியில் இருபத்தாறு பெரியவர்கள்

ரொறன்ரோ
20.01.2011

அன்புள்ள மச்சான் தில்லைநாதனுக்கு,

நலம்தானே? உயிலங்குளத்தில் மறுபடி குடியேறிவிட்டீர்கள் என்று அறிந்து மனம் ஆறியது. ஓர் உதவி. இடம்பெயர்ந்த அன்று கிணற்றடிப் புளியின் கீழ் என் றங்குப் பெட்டியைப் புதைத்தது நினைவிருக்கும். இருபத்தாறு புத்தகங்கள், எல்லாம் அறிஞர்களின் வாழ்க்கை வரலாறுகள். என்னை மனிதனாக்கியவை. தோண்டி எடுத்துப் புதிய வாசிகசாலைக்குக் கொடுங்கோ. ஒவ்வொன்றின் முதற்பக்கத்திலும் ‘ஆசிரியர் இராசநாயகம் அன்பளிப்பு’ என்று வடிவாக எழுதிவிடுங்கோ. கொடுக்கமுதல் நீங்களும் வாசியுங்கோ, ஆறுதலாக இருக்கும்.

மகள் தக்சிகா இன்னும் மாமியைச் சொல்லி அழுகிறாள். என் தங்கச்சி பரமேஸ்வரி அன்று கன்றை அவிழ்க்கப் போய் எங்களைப் பிந்தவைக்காமல் இருந்திருந்தால் இன்று உயிரோடு இருப்பாள். விதி.

அன்பு மச்சான்,
இராசநாயகம்

உயிலங்குளம்
02.05.2011

அன்புள்ள மச்சானுக்கு,

பதில் பிந்தியதற்கு மன்னியுங்கோ, வாசித்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. நாலு பொலித்தீன் சுற்றிப் புதைத்திருக்கிறீர்கள், கறையான்கூடத் தொடவில்லை. எனக்கு இங்கே தகரக் கொட்டில்தான். பகலில் வயல், பின்னேரத்தில் உங்கள் பெரியவர்கள்.

அவர்களுடைய பெருமைகளைவிட எனக்குப் பிடித்தது வேறு. ஒருவர் சின்ன வயதில் செய்த களவைத் தானே எழுதிவைத்திருக்கிறார். இன்னொருவர் மனைவியை அழவைத்ததை ஒளிக்கவில்லை. அந்த இடங்களில் நீங்களே சிவப்புக் கோடு போட்டிருக்கிறீர்கள். அதனால் கேட்கிறேன். கன்றின் கதையை இனியாவது திருத்திச் சொல்ல மாட்டீர்களா? தக்சிகாவிடமாவது?

தில்லைநாதன்

ரொறன்ரோ
11.06.2011

அன்புள்ள மச்சானுக்கு,

பழசைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? தக்சிகாவுக்கு இருபது வயதானாலும் இளகிய மனம், அவளுக்கு நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். பெயர் எழுதினீர்களா? திறப்பு விழாப் படங்களை அனுப்புங்கோ. பழைய மாணவர் சங்க மலரில் போடக் கேட்கிறார்கள்.

இராசநாயகம்

உயிலங்குளம்
30.07.2011

இராசநாயகம் அவர்களுக்கு,

ஒவ்வொரு புத்தகத்தின் முதற்பக்கத்திலும் உங்கள் பெயரை எழுதினேன். ஒவ்வொன்றின் கடைசி வெற்றுத் தாளிலும் உங்கள் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினேன். சின்னதுதான்:

‘எங்களை ஏற்றிக்கொண்டு விடியப் புறப்பட வேண்டிய தன் உழவு மெசினை நிறுத்திவைத்து, ஆசிரியர் இராசநாயகம் இந்தப் புத்தகங்களுக்குக் குழி வெட்டினார். அவருடைய தங்கை பரமேஸ்வரி மெசினில் ஏறிக் காத்திருந்தாள். பத்து மணிக்கு மெசினடியில் ஷெல் விழுந்தது. குழியை மூடிவிட்டுத்தான் அவர் வந்தார். அவள் கன்று அவிழ்க்கப் போகவில்லை. எங்களிடம் கன்றே இருக்கவில்லை.’

வாசிகசாலைப் பொறுப்பாளர் நசீறா அதை வாசித்துவிட்டு, “அண்ணை, இது மெய்யோ?” என்று கேட்டாள்.

“ஓம் பிள்ளை, நான் பக்கத்திலை நிண்டனான்.”

அவள் அந்தப் பக்கத்திலும் வாசிகசாலை முத்திரையைக் குத்தினாள். இதுவரை ஒன்பது புத்தகங்கள் இரவல் போயிருக்கின்றன. செத்தவள் தலையில் நீங்கள் பழியைப் போட்டு நாலு வருடம். இப்போது எனக்கு நன்றாக நித்திரை வருகிறது.

வாசிகசாலைக்கு இருபத்தைந்துதான் கொடுத்தேன். மற்றதைத் தக்சிகாவின் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, இரண்டு கிழமை பொறுத்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். இதற்குள் அவள் கடைசிப் பக்கத்துக்கு வந்திருப்பாள்.

பரமேஸ்வரியின் புருசன்,
தில்லைநாதன்