பிளக்கில் கை வைத்தது யார்?

ஜூன் 7, சனி
போத்தனூரிலிருந்து உடுமலைக்குப் போகும் வழியில், கிணத்துக்கடவு பாலம் ஏறும்போது என் எண்பத்தெட்டு மாடல் கார் இடித்து இடித்து நின்றுவிட்டது. அங்கே தங்கச்சி படுத்த படுக்கை. சனிக்கிழமை நான் போய்த் தலைக்கு ஊற்றிவிட்டால்தான் உண்டு. “இன்னொருக்கா நடுரோட்டுல நின்னா வித்துப்போடலாம் அம்மணி” என்றார் வீட்டுக்காரர். விற்றுவிட்டு, இந்த முழங்காலோடு நான் பஸ் ஏறுவதா?

ஜூன் 9
மெக்கானிக் காளிச்சாமி புது பிளக் போட்டான். பழைய வண்டிக்கு, பொறி தாவுகிற கேப் 0.6 மில்லிமீட்டர் போதுமாம். கேப் பெரிதானால் பொறி பலமாக வரும் என்று வீடியோவில் பார்த்திருக்கிறேன். 0.8 வை என்றேன்.
“நீங்க சொன்னா செரிதானுங்க அக்கா.”
உடனே ஒத்துக்கொண்டான். ஏன்? இந்த வண்டியைத் தன் மச்சானுக்கு விலைக்குக் கேட்டவன் இவன்தானே!

ஜூன் 14, சனி
உடுமலை போய் வந்தேன். பாலத்தில் ஒரு இருமல் இல்லை. 0.8! எனக்கா தெரியாது?

ஜூன் 16
மனசு கேட்காமல் பிளக்கைக் கழற்றி அளந்தேன். நான்கிலும் 0.6. என் கண் முன்னால்தானே 0.8 வைத்தான்! அன்று வீட்டுக்காரரும் அவனும் வாசலில் குசுகுசுத்தது இதற்குத்தானா? வண்டியைக் கெடுத்து விற்கவா? கட்டின மனுசனே இப்படியா பண்ணுவாரு?
0.6-இல் எப்படி அவ்வளவு நன்றாக ஓடியது — அதை யோசிக்கப் பிடிக்கவில்லை. நானே 0.8-க்கு விரித்தேன். சாவி இரண்டையும் அரிசி டப்பாவில் ஒளித்துவிட்டேன்.

ஜூன் 21, சனி
பாலத்தில் பாதியில் நின்றது. “வரலையாக்கா?” என்று தங்கச்சி போனில் கேட்டாள். அழுதேபோட்டேன்.
வந்த காளிச்சாமியைப் பிடித்துக்கொண்டேன். தலையைச் சொறிந்தான். “அண்ணன்தானுங்க அப்பறமா 0.6-க்கு மாத்தச் சொன்னாரு. ‘வண்டி நின்னா அவ தங்கச்சிக்கு யாரு தலைக்கு ஊத்துவா? சொன்னா ஒத்துக்க மாட்டா’ன்னாருங்க.”
“0.8 ஆகாதுன்னு எங்கிட்டயே சொல்றதுக்கென்ன?”
“அக்கா சொல்றப்ப எப்படிங்க எதுத்துப் பேசறது?”
அட பாவிகளா! மரியாதை குடுத்தே என்னை ஏமாத்திப்போட்டீங்களே! அவரையா நான் சந்தேகப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 23
சாவியை எடுத்து ஆணியில் மாட்டினேன். வீட்டுக்காரர் பார்த்தார். அதை எடுத்துக்கொண்டு, வண்டியோடு காளிச்சாமியைப் பார்க்கப் போனார்.

ஜூன் 28, சனி
பாலம் ஏறியதே தெரியவில்லை. தங்கச்சிக்குச் சீயக்காய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினேன்.
வந்ததும், “0.8 நல்லா ஓடுதுங்க” என்றேன்.
“நீ சொன்னா செரிதான் அம்மணி.”
பிளக்கைக் கழற்றிப் பார்க்கவில்லை.