பிரேக் போட்டாச்சு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அந்தக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவின் இடுப்பு எலும்பு கூடி வருகிறது, கோலூன்றி ஜன்னல் வரைக்கும் நடக்கிறார். உன் சித்தப்பாதான் நன்றாக இல்லை. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், போனில் சொன்னால் அப்பா காதில் விழும்.

அப்பா விழுந்த அன்று நடந்தது உனக்குத் தெரியும். சக்கரம் வைத்த இரும்புச் சாரத்தின் மேல் நின்று சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் வழக்கப்படி கீழே நிற்கிறவர் சாரத்தை நகர்த்தி, நாலு சக்கரத்துக்கும் பிரேக் போட்டுக் குரல் கொடுக்க வேண்டும், மேலே இருப்பவர் குனிந்து பார்க்கமாட்டார். அன்று கீழே நின்றவர் மேஸ்திரியான உன் சித்தப்பா. பிரேக் போட்டாச்சுண்ணே என்று குரல் கொடுத்தது அவர்தான். அப்பா துளைக்கும் மெஷினைச் சுவரில் வைத்து அழுத்தினார், சாரம் பின்னால் போனது, அவர் சுவருக்கும் சாரத்துக்கும் நடுவே விழுந்தார். ஆனால் உன் சித்தப்பா கம்பெனிக்குக் கொடுத்த அறிக்கையில், அண்ணன் கவனமில்லாமல் எட்டிப் பார்த்து விழுந்தார் என்று எழுதிவிட்டார். அந்த அறிக்கை அப்படியே நின்றால் அப்பாவுக்கு அங்கே மறுபடி வேலை கிடையாது, முப்பது வருஷம் விழாத மனுஷனுக்குக் கவனமில்லாதவர் என்ற பேர்தான் மிச்சம். ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று தடவை கேட்டேன், உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று. அதற்கு அவர், அண்ணி, அவரு சுவரைப் பாத்துத்தானே தள்ளினாரு, அப்ப சாரம் சுவருகிட்டதானே போவும், பின்னாடி எப்படிப் போவும், அவரைத் தூக்க வந்தவங்க நகத்தியிருப்பாங்க என்றார். உள்ளே போய் அதை அப்படியே சொன்னேன். படுக்கையில் கிடந்த அப்பாகூட அதைக் கேட்டு ஆமாம் என்று தலையாட்டினார். அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

நீ போனில் விளக்கினாய், நாம் சுவரைத் தள்ளினால் சுவரும் அதே அளவு நம்மை எதிர்ப்பக்கம் தள்ளும் என்று. இரண்டும் சமம் என்றால் ஒன்றுக்கொன்று சரியாகப் போய் யாருமே நகரக்கூடாதே, படித்த பெண் பேசுகிற பேச்சா என்று உன்னைத் திட்டினேன் அல்லவா, அதை வாபஸ் வாங்குகிறேன். மறுநாள் நான் வேலை செய்யும் கிளினிக்கைப் பெருக்கி முடித்ததும் பல் டாக்டரின் சக்கர ஸ்டூலில் உட்கார்ந்து, காலைத் தூக்கிக்கொண்டு சுவரை ஒரு தள்ளு தள்ளினேன். நேரே பின்னால் போய்க் கருவித் தட்டில் மோதினேன், பல் பிடுங்கும் கொறடெல்லாம் தரையில். டாக்டர் ஓடி வந்து என்னம்மா பண்றீங்க என்றார். அப்போதுதான் புரிந்தது, நான் தள்ளியது சுவரின் மேல், சுவர் தள்ளியது என் மேல். இரண்டும் ஒரே ஆள் மேல் விழுந்தால் அல்லவா சரியாகப் போகும். சுவர் கட்டடத்தோடு நிற்கிறது, நகரவில்லை, எனக்குக் கீழே சக்கரம், அதனால் நான் போனேன். கொறடைப் பொறுக்கும்போதே உன் சித்தப்பாவை என்ன செய்யவேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

விசாரணைக்குக் கம்பெனியின் பெரிய அதிகாரி வேலை நடக்கும் இடத்துக்கு வந்த அன்று நானும் போனேன். உன் சித்தப்பாவைக் காட்டி, இவர் சொல்வது சரியென்றால் சாரத்தின் அடித்தட்டில் ஏறிப் பிரேக் இல்லாமல் சுவரைத் தள்ளிக் காட்டட்டும் என்றேன். முழங்கால் உயரம்தான், ஆளைக் கொல்ல நான் போகவில்லை. அவர் சிரித்துக்கொண்டே ஏறினார், எல்லோரும் பார்க்கட்டும் என்று இரண்டு கையாலும் பலமாகத் தள்ளினார். சாரம் அவரைத் தூக்கிக்கொண்டு பின்னால் உருண்டது, குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், என் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அதிகாரி தானே குனிந்து நாலு பிரேக்கையும் போட்டு, இப்ப தள்ளுங்க என்றார். அசையவில்லை. அன்னைக்கு இதைப் போட்டீங்களா என்று கேட்டார். உன் சித்தப்பா குழாயை விட்டுக் கீழே இறங்கி, இல்ல சார், அவசரத்துல சும்மா குரல் கொடுத்துட்டேன் என்றார். அறிக்கையைக் கிழித்து வேறு எழுதினார்கள். அப்பாவுக்கு வேலை இருக்கிறது, மேஸ்திரி வேலை போனது உன் சித்தப்பாவுக்குத்தான். வெளியே வந்து, தனியா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி என்றார். வராந்தாவில் மூன்று வார்த்தை சொன்னேனே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். என் தம்பிய நாலு பேர் நடுவுல சாரத்துல ஏத்தினியா என்று மட்டும் கேட்டார். பத்து நாளாகிறது, பேச்சில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறார், நான் அடுப்படியில் நிற்கும்போதே. இதுவும் நீ சொன்ன கணக்குதானோ என்னவோ. நான் தள்ளியது உன் சித்தப்பா மேல், திரும்பி வந்தது என் மேல். வலிக்கிறதுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்காக மன்னிப்புக் கேட்க உன் சித்தப்பா வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன், நீயும் சமாதானம் பேச வராதே.

நீ நீண்ட நாள் குறையில்லாமல் வாழவேண்டும், கை வைத்த வேலையெல்லாம் கூடிவர வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. எதில் ஏறினாலும் பிரேக் போட்டாச்சு என்று யார் சொன்னாலும், கூடப் பிறந்தவரே சொன்னாலும், நீயே ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு ஏறு.

இப்படிக்கு,
உன் அம்மா