படம் உறைந்துபோன மாலை

அன்பு மகள் மிஹோகோவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டி லூசியாவும் பிரேசிலில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. ஒக்கித் தீவில் வாடைக்காற்று தொடங்கிவிட்டது, கணவாய் மீன் பிடிக்கிற படகுகளையெல்லாம் துறைமுகத்தில் கட்டிப்போட்டுவிட்டார்கள்.

போன மாதம் வீடியோவில் பேசும்போது படம் நின்றுபோனதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பக்கவாதம் வந்ததிலிருந்து முகமும் இடது கையும்தானே அப்பாவுக்குப் பேச்சு. அன்றைக்கு நீ வாய் திறந்தபடி திரையில் உறைந்துவிட்டாய், குரல் மட்டும் விட்டுவிட்டு வந்தது. "அப்பா, ஏன் அசையவே மாட்டேங்கறீங்க, என் கல்யாணத்துல இன்னும் கோபமா" என்று அழுதாய். அவர் அசைந்துகொண்டுதான் இருந்தார், மிஹோ, உன் திரையில்தான் நின்றுபோயிருக்கிறது. கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய், சாப்பிட்டாயா, சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனில் நான் சொன்னபோது, "சமாதானத்துக்குச் சொல்றம்மா" என்று வைத்துவிட்டாய்.

மறுநாள் கப்பலேறி, நமக்கு இணைப்பு கொடுத்த இணையக் கடைக்குப் போனேன். அந்த மாதத்து இணைய அளவு தீர்ந்துவிட்டதாம். லூசியா குளிக்கிற வீடியோவை அப்பா காலை முதல் மாலை வரை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தாரே, அதுதான் தின்றுவிட்டது. ஒரு முறை பார்த்தால் போட்டோ மாதிரி வீட்டிலேயே இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன். அயனோ என்கிற கடைப் பெண், "ஒவ்வொரு தடவையும் புதுசா இறங்கி வருதும்மா, அளவு தாண்டினா வேகத்தைக் குறைச்சுடுவாங்க" என்றாள். எல்லையில்லை என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறீர்களே என்றேன். தலை குனிந்து, "நிக்காதுன்னுதாம்மா போட்டிருக்கு, வேகம் குறையாதுன்னு போடல" என்றாள். பெரிய திட்டம் கேட்டேன், கேபிள் நம் மலைச்சரிவுக்கு வராதாம். வேகம் திரும்பியதும் வீடியோவை ஒரே தடவை இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு எத்தனை முறை பார்த்தாலும் அளவு குறையாது என்று சொல்லிக்கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். டிவியை அணைத்து, ரிமோட்டை என் மடியில் வைத்தார். அதற்குப் பிறகு பேத்தியைப் பார்க்கவே இல்லை. அளவு ஏற்கெனவே தீர்ந்துவிட்டது என்று சொல்லியும், உன்னிடம் பேசுவதற்காகச் சேர்த்து வைப்பதாக அவருக்கு நினைப்பு. மாலையானால் தலை வாரிக்கொண்டு இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்.

மாதம் மாறுவதற்குள் இரண்டாவது பக்கவாதம் வந்துவிட்டது. இடது கையும் போயிற்று. கண் திறந்திருக்கிறது, "பாக்கறாரான்னு சொல்ல முடியலம்மா" என்கிறார் டாக்டர். போனில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. லூசியா வீடியோவை இறக்கி வைத்துக் கட்டிலருகே ஓடவிட்டிருக்கிறேன், அவர் திரும்பவில்லை. புது மாதம் பிறந்துவிட்டது, பெட்டி நிறைய இணையம் இருக்கிறது, யாருக்கு?

இனி வீடியோவில் அழைக்காதே, புறப்பட்டு வா. அலை பெருத்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், அதற்குள் வந்துவிடு. குழந்தைக்குக் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள். நம் முன்னோர்கள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வர முடியாதென்றால் அதையும் சொல்லிவிடு, இந்தக் குளிரில் நான் தினமும் படகுத்துறையில் போய் நிற்க மாட்டேன்.

உன் அம்மா,
ஷிகெனோ